ஆகாயத்தில் முளைத்த தட்டைப்பயறு

போடிநாயக்கனூரை அடுத்த ராசிங்காபுரத்தில் எந்தக் குடியானவரைக் கேட்டாலும், ஈரமண்ணில் ஊன்றிய தட்டைப்பயறு மூன்று நான்கு நாட்களில் முளை காட்டும் என்பார். பட்டணத்தார் காராமணி என்று சொல்லும் இந்தப் பயற்றில் எட்டு விதைகளை, 2024-ஆம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டிலேற்றி ஆகாயத்துக்கு அனுப்பினார்கள் நம் தேசத்து விஞ்ஞானிகள். அங்கும் நான்காம் நாள் முளைத்துவிட்டது! பிறகு இலையும் விட்டது. இதற்கா இவ்வளவு பிரயாசை என்று நேயர்கள் கேட்கலாம்.

கேள்வி நியாயமானதே. விதையை எப்படிப் போட்டாலும் வேர் கீழே போகிறது; தண்டு மேலே வருகிறது. கீழ் எது, மேல் எது என்று அதற்கு உணர்த்துவது பூமியின் ஆகர்ஷண சக்தி. அதை உணர முடியாத இடத்தில் விதை என்ன செய்யும்? அங்கே தண்ணீரும் அடியில் தங்காது. வேரைச் சுற்றி ஒட்டிக்கொண்டு மூச்சு முட்டச் செய்துவிடக் கூடும்.

விதைகள் சுற்றிய 350 கிலோமீட்டர் உயரத்தில் ஆகர்ஷணமே இல்லையென்று பலர் எண்ணுகிறார்கள். அது பிசகு. தரையிலுள்ளதில் பத்தில் ஒன்பது பங்கு அங்கும் உண்டு. அடியில் ஓட்டையுள்ள வாளியில் நீர் நிரப்பிக் கிணற்றுக்குள் நழுவ விடுங்கள். விழுந்துகொண்டிருக்கும் வரையில் ஓட்டை வழியே நீர் ஒழுகாது. வாளியும் நீரும் சேர்ந்தே விழுவதால் ஒன்றையொன்று அழுத்துவதில்லை. உபக்கிரகமும் இவ்வாறே ஓயாமல் விழுந்துகொண்டிருக்கிறது. செகண்டுக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பக்கவாட்டில் ஓடுவதால் தரையை எட்டுவதில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பரிசோதனைக்கென்று தனி உபக்கிரகமும் செய்யவில்லை. ஏற்றிச் சென்றவற்றை இறக்கிவிட்டபின் வீணாய்ப் போகும் ராக்கெட்டின் நான்காம் அடுக்கையே ஆராய்ச்சிசாலையாக்கினார்கள். நம் இல்லத்தரசிகள் இந்தச் சிக்கனத்தை அவசியம் மெச்சுவார்கள். திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தார் செய்த பெட்டிக்குள் ஈரம், உஷ்ணம், பிராணவாயு, கரியமிலவாயு யாவற்றையும் கருவிகள் அளந்தன; காமிரா படமெடுத்தது.

ஆனால் முளைத்த செடி ஊர் திரும்பவில்லை. அந்த அடுக்கு 2025 ஏப்ரல் 4-ந் தேதி காற்று மண்டலத்தில் நுழைந்து இந்து மகாசமுத்திரத்தில் மறைந்தது. 2035-க்குள் பாரதத்துக்கென ஓர் ஆகாய நிலையம் அமைக்க நம் சர்க்கார் உத்தேசித்திருக்கிறது. அங்கே வசிப்போர் கீரையும் பயறும் விளைவித்துக் கொள்ள வேண்டுமானால், வேருக்குள் நேரும் மாறுதலை அறிய வெறும் படம் போதுமா?

திருப்பிக் கொண்டுவரும் வித்தை நமக்குப் புதிதன்று. 2007 ஜனவரி 10-ந் தேதி சென்ற சுமார் 550 கிலோ எடையுள்ள கலமொன்று, உலோகத்தை உருக்கிப் பார்க்கும் உலையைச் சுமந்து 12 நாள் சுற்றியது. 22-ந் தேதி பாராசூட்டில் தொங்கியபடி வங்காள விரிகுடாவில் பத்திரமாக இறங்கிற்று. அத்தகைய கலத்தில் தட்டைப்பயறும் ஏறிப்போய்த் திரும்பினால், வேரை நறுக்கிப் பூதக்கண்ணாடியில் வைத்தே பார்த்துவிடலாம்.