வரிப்பணமும் வழிபாட்டு உரிமையும்

அமெரிக்காவின் 50 மாநிலங்களும் கூட்டாட்சி அரசமைப்புச் சட்டத்துக்கு உட்பட்டே தத்தமக்கெனத் தனி அரசமைப்புச் சட்டங்களையும் கொண்டிருக்கின்றன. அவற்றுள் முப்பதுக்கும் மேற்பட்டவை, பொதுக் கருவூலத்தின் பணத்தைத் திருச்சபைகளுக்கோ சமயப் பள்ளிகளுக்கோ வழங்கலாகாது என ஏதேனும் ஒரு வடிவில் தடை விதிக்கின்றன.

இத்தடைக்கு வேர்கள் இரண்டு. தான் ஏற்காத சமயத்தை வளர்க்க ஒருவரிடம் வரி கேட்பது அவருடைய மனச்சான்றை நெரிப்பதாகும் என்று வர்ஜீனியா 1786-இல் இயற்றிய சமயச் சுதந்திரச் சட்டம் அறிவித்தது. இது முதல் வேர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிய கத்தோலிக்கர், பொதுப் பள்ளிகளில் புராட்டஸ்டன்ட் விவிலியமே ஓதப்படுவதைக் கண்டு தங்கள் பள்ளிகளுக்கும் அரசு நிதி கோரியபோது கிளம்பிய பகையுணர்வு மற்றொன்று. இத்தகைய தடையை நாடு முழுவதும் விதிக்கப் பிரதிநிதிகள் அவை உறுப்பினர் ஜேம்ஸ் பிளெய்ன் 1875-இல் முன்மொழிந்த கூட்டாட்சி அரசமைப்புத் திருத்தம் செனட் அவையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு பெறாமல் வீழ்ந்தபோதிலும், அதையொத்த விதிகள் பல மாநிலங்களில் இடம்பெற்று, பின்னாளில் ‘பிளெய்ன் திருத்தங்கள்’ எனப் பெயர் பெற்றன.

இத்தகைய தடை கொண்ட மிசௌரி மாநிலத்தில் ஒரு திருச்சபை நடத்திய மழலையர் பள்ளி, விளையாட்டுத் திடலில் கிடந்த சரளைக்கற்களை அகற்றிவிட்டு, குழந்தைகள் விழுந்தாலும் அடிபடாதவாறு பழைய டயர்களின் ரப்பரைப் பரப்ப அரசு மானியம் கோரியது. 44 விண்ணப்பங்களில் ஐந்தாமிடம் பெற்றும், 14 பேருக்கு மானியம் கிடைத்தும், திருச்சபை என்பதாலேயே அதற்கு மறுக்கப்பட்டது. அம்மறுப்பு சமயச் சுதந்திரத்துக்கு முரணானது எனக் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. தனியார் பள்ளிகளுக்கு மாநிலம் உதவியே தீர வேண்டும் என்பதில்லை, ஆனால் உதவத் தொடங்கியபின் சமயப் பள்ளி என்பதற்காக ஒன்றை விலக்கக் கூடாது என 2020-இல் மான்டானா வழக்கில் நீதிமன்றம் மேலும் தெளிவுபடுத்தியது.

ஆயினும் தடை முற்றிலும் செயலிழந்துவிடவில்லை. குருத்துவப் படிப்புக்கு உதவித்தொகை மறுத்த வாஷிங்டன் மாநிலத்தின் முடிவை 2004-இல் ஏற்ற தீர்ப்பு இன்னும் ரத்தாகவில்லை. அரசு நிதியில் தனி நிர்வாகத்தின்கீழ் இயங்கும் ‘சார்ட்டர்’ பள்ளியாக ஒரு கத்தோலிக்கப் பள்ளியை ஏற்க ஓக்லஹோமா உச்ச நீதிமன்றம் 2024-இல் மறுத்ததும், கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் மறு ஆண்டு நான்குக்கு நான்கு எனப் பிரிந்து நின்றதால் நிலைத்தது.

குழந்தையின் முழங்காலைக் காக்கும் ரப்பருக்கும் குருமாரை உருவாக்கும் கல்விக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்து, எச்சமயத்தையும் பகைக்காமலும் எச்சமயத்துக்கும் ஊதியம் அளிக்காமலும் நடந்துகொள்வதே மக்களின் வரிப்பணத்தைக் கையாளும் அரசுக்குரிய அறமாகும்.