பின் நம்பரைத் திருடலாம்... விரல் பழக்கத்தைத் திருட முடியுமா?

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் ஐந்து நிமிடம் நின்று, போன் பார்ப்பவர்களின் கைகளை மட்டும் கவனியுங்கள். ஆளுக்கு ஒரு தினுசு! வியாபாரி ஒருவர் இடது கையில் போனை ஏந்தி, வலது ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் எண்ணாக அழுத்திக் குத்துவார். பூ வாங்க வந்த கல்லூரி மாணவி, ஒற்றைக் கையில் போனைப் பிடித்தபடி கட்டைவிரலால் சரசரவென்று திரையைத் தள்ளுவார்.

நம் கண்ணுக்குத் தெரியும் இந்த வித்தியாசம் போனுக்கும் தெரியும். கையெழுத்தைப் போலவே திரையைத் தொடும் விதமும் ஓர் அடையாளம்தான். இதற்கு 'நடத்தை பயோமெட்ரிக்ஸ்' என்று பெயர்.

போன் எதைக் கவனிக்கிறது?

விரல் எங்கே பட்டது, எங்கே விலகியது, எவ்வளவு வேகம், நேராகப் போனதா வளைந்ததா, திரையில் எவ்வளவு இடத்தை அடைத்தது, அடுத்த தொடுதலுக்கு எத்தனை இடைவெளி... எல்லாமே எண்களாகப் பதிவாகும். போனை எந்தச் சாய்வில் பிடித்திருக்கிறீர்கள் என்பதை உள்ளிருக்கும் சென்சார் சொல்லிவிடும். கொஞ்ச நாளில் 'இவர் கை இப்படித்தான்' என்று ஒரு கணக்கு தயார்.

இதை நம்பலாமா? 'டச்அலிடிக்ஸ்' என்ற பெயரில் 2013-ல் வெளியான ஆய்வில், 41 பேரிடம் போனைக் கொடுத்துப் படிக்கவும், படங்களை ஒப்பிட்டுப் பார்க்கவும் சொன்னார்கள். ஒவ்வொரு விரல் இழுப்பிலும் 30 அம்சங்களை அலசினார்கள். ஒரே தடவையில் எடுத்த பதிவுகளில் ஆளைப் பிரித்தறிவதில் கிட்டத்தட்ட தவறே இல்லை. ஒரு வாரம் கழித்தும் தவறு 4 சதவிகிதத்துக்குள்தான் இருந்தது. ஆனாலும் இதை மட்டுமே பூட்டாக நம்பக் கூடாது, மற்ற பூட்டுகளுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம் என்றே ஆய்வாளர்கள் முடித்தார்கள்.

வங்கிக்கு என்ன லாபம்?

மோசடிக்காரர் உங்கள் பின் நம்பரைத் தெரிந்துகொண்டாலும், உங்களைப் போலவே தட்டுவது சிரமம். போனில் இன்னொருவர் சொல்லச் சொல்ல நீங்களே எண்களைத் தட்டினால், வழக்கத்தில் இல்லாத தயக்கம் தெரியும். அந்த இடத்தில் வங்கியின் ஆப் பணத்தை நிறுத்தி, மறுபடி விசாரிக்கலாம். டிஜிட்டல் பணப் பரிமாற்றத்துக்காக ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட விதிகளும், இருக்கும் இடம், போனின் விவரம் ஆகியவற்றோடு பயனாளரின் நடத்தையையும் வைத்து ஆபத்தை எடைபோட வங்கிகளுக்கு இடம் தருகின்றன. இவை அமலாகும் தேதி 2026 ஏப்ரல் 1.

ஒரே போன், மூன்று கை

சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். ஆண்டுக்கணக்கில் கையால் உழைத்து ரேகை தேய்ந்தவர்களுக்கு, ரேஷன் கடை மெஷினில் விரல் வைப்பதே ஒரு போராட்டம். விரல் அசையும் விதத்துக்கு ரேகை தேவையில்லை என்பது இவர்களுக்கு நல்ல சேதிதான்.

ஆனால், இங்கே இன்னொரு சிக்கல் இருக்கிறது. பல வீடுகளில் அப்பாவின் போனில்தான் மகள் படிப்பாள். அம்மா கரன்ட் பில் கட்டச் சொன்னால் தட்டுவது மகன். மெஷினைப் பொறுத்தவரை மூன்றும் வேற்றுக் கை! விரலில் கட்டுப் போட்டவருக்கும், கை நடுங்கும் தாத்தாவுக்கும் இதே கதிதான். 'சந்தேகம்' என்றவுடன் கணக்கை முடக்காமல், இன்னொரு வழியில் சரிபார்க்கும் வசதியை வங்கி தர வேண்டும்.

அந்தரங்கமும் முக்கியம். ஓர் ஆப் தனக்குள் நடக்கும் தொடுதலைக் கவனிக்க, போன் உங்களிடம் தனியாக அனுமதி கேட்பதில்லை. விவரங்களை எதற்காக எடுக்கிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது, 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதனால், வங்கியிடம் நாம் கேட்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* தெரியாத ஆப்புக்கு 'அக்சஸிபிலிட்டி' அனுமதி தராதீர்கள். மற்ற ஆப்களில் நீங்கள் செய்வதையும் அது பார்த்துவிடக்கூடும்.

* வங்கி அதிகாரி என்று சொல்லி யார் கேட்டாலும், போன் திரையைப் பகிரும் ஆப்பை இறக்காதீர்கள்.

* பணம் அனுப்பும்போது வங்கி கூடுதலாக ஏதாவது கேட்டால் எரிச்சல்படாமல் ஒரு நிமிடம் யோசியுங்கள். எதிர்முனையில் யாராவது அவசரப்படுத்தினால் இணைப்பைத் துண்டியுங்கள்.

* பணம் போய்விட்டதா? உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியில் மடக்க அவ்வளவு வாய்ப்பு.