ரிமோட் லாரி கிட்: கட்டரை எடுக்கும் முன்

ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துத் தாமியா நிறுவனம் விற்கும் 1:14 அளவு லாரி கிட் ஒன்றை வாங்கினால், பெட்டியில் சேஸிஸ், கியர்பாக்ஸ், மோட்டார், டயர், பெயிண்ட் அடிக்காத கேபின் எல்லாம் இருக்கும். ரிமோட், ரிசீவர், சர்வோ, பேட்டரி, சார்ஜர், ஸ்ப்ரே பெயிண்ட் இவற்றைத் தனித்தனியாகத்தான் வாங்க வேண்டும். பல கடைகள், பல பில்கள். உடம்புக்கும் வீட்டுக்கும் ஆபத்து பெரும்பாலும் இப்படித் தனியாக வாங்கும் பொருள்களில்தான் இருக்கிறது. விபத்து நேர்ந்தால் முதலில் எழும் கேள்வி, கோளாறு யாருடைய பொருளில் என்பதே. அதற்குப் பதில் சொல்ல பில் வேண்டும். 200 ரூபாய் பேட்டரி கனெக்டராக இருந்தாலும் பில் கேட்டு வாங்குங்கள்.

பெட்டியைப் பிரிப்பதை முழுதாக வீடியோ எடுங்கள். பாகங்கள் பிளாஸ்டிக் சட்டத்தோடு ஒட்டியபடி வரும். மேனுவலில் உள்ள பட்டியலை வைத்து, திருகுப் பொட்டலங்கள் உட்பட ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்த்த பிறகே வெட்டத் தொடங்குங்கள். வெட்டிவிட்டால், பாகம் முதலிலேயே இல்லை என்று நிரூபிப்பது கடினம். ஆன்லைனில் வாங்கியிருந்தால், 2020-இன் மின்வணிக விதிகளின்படி, பழுதான பொருளையும் விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையும் விற்பனையாளர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. ‘நோ ரிட்டர்ன்’ என்று பக்கத்தில் அச்சடித்திருப்பது இந்த உரிமையைப் பறித்துவிடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும்.

பெட்டியில் ‘14+’ என்று போட்டிருந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2021 முதல் நடைமுறையில் உள்ள பொம்மைத் தரக்கட்டுப்பாட்டு ஆணையும் அதன் ஐஎஸ்ஐ முத்திரையும் 14 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கே உரியவை. பெரியவர்களுக்கென்று விற்கும் கிட்டைப் பத்து வயதுப் பிள்ளைக்குப் பரிசாகக் கொடுத்தால், அந்தப் பாதுகாப்பு கூடவே வராது. பிள்ளையோடு உட்கார்ந்து கட்டுங்கள். பெயிண்டையும் சார்ஜரையும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயிண்ட் விஷயத்தில் இங்கே அலட்சியம் மிக அதிகம். லாரி கேபின் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். அதற்குத் தாமியாவின் டிஎஸ் வகை ஸ்ப்ரே. பல மான்ஸ்டர் டிரக் கிட்களின் கண்ணாடி போன்ற பாடி பாலிகார்பனேட். அதற்கு பிஎஸ் வகை, அதையும் உள்பக்கமாக அடிக்க வேண்டும். மாற்றி அடித்தால் ஒன்றில் பெயிண்ட் உரியும், மற்றொன்றில் பிளாஸ்டிக்கே அரிக்கப்படலாம். அதுகூடப் பணத்தோடு போகும் நஷ்டம். ஸ்ப்ரேயின் கரைப்பான் ஆவிதான் உண்மையான அபாயம்: தலைச்சுற்றல், குமட்டல், மூச்செரிச்சல். என்95 முகமூடி துளிகளைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. கரி வடிகட்டி பொருத்திய, ஆர்கானிக் வேப்பருக்கென்றே விற்கும் முகமூடி வேண்டும். இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, பூஜையறை விளக்கையோ அடுப்பையோ எட்டினால் தீப்பிடிக்கும். மூடிய அறையில் ஒருபோதும் அடிக்காதீர்கள். மொட்டை மாடி நல்லது. மழைக்கால ஈரத்தில் அடித்தால் நிறம் வெளுத்துப் பூத்துவிடும் என்பதால், காய்ந்த நாளாகப் பாருங்கள். மிச்சமான டப்பாவை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைக்காதீர்கள்.

பேட்டரி அதைவிடக் கவனம் கேட்பது. லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் கூடாது. லிபோவுக்கான பேலன்ஸ் சார்ஜர் மட்டுமே பயன்படுத்த வேண்டும். நிக்கல் பேட்டரிக்கான மோடில் வைத்தால் தீப்பற்றலாம். 5000 எம்ஏஎச் பேட்டரிக்கு 5 ஆம்பியர் சார்ஜ் போதுமானது. இரவில் போட்டுவிட்டுத் தூங்குவது, மெத்தைமேல் வைத்துச் சார்ஜ் போடுவது, இரண்டும் கூடவே கூடாது. பல நாள் எடுத்து வைப்பதென்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். உப்பிய பேட்டரியைக் குத்தாதீர்கள், திரும்பச் சார்ஜ் போடாதீர்கள். வெளியே மணல் நிரப்பிய இரும்புப் பெட்டிக்கு மாற்றுங்கள். அதைக் குப்பைத் தொட்டியில் போடவும் கூடாது. 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரியைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது உற்பத்தியாளரின் பொறுப்பு. தீப்பிடித்தால் புகையைச் சுவாசிக்காமல் வெளியேறி 101-ஐ அழையுங்கள்.

வீடு எரிந்தாலோ கை வெந்தாலோ, 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் ‘பொருள் பொறுப்பு’ உரிமையை நம்மில் பலர் அறிவதே இல்லை. குறைபாடுள்ள பொருளுக்கு மட்டுமல்ல, போதிய பயன்பாட்டுக் குறிப்போ எச்சரிக்கையோ தராததற்கும் தயாரிப்பாளர் பொறுப்பேற்க வேண்டும். தயாரிப்பாளர் யாரென்றே தெரியாவிட்டாலும், இந்தியச் சட்டம் எட்டாத நாட்டில் இருந்தாலும், விற்றவரைப் பொறுப்பாக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. வெளிநாட்டுப் பேட்டரியை விற்கும் இந்தியக் கடைக்காரர் ‘கம்பெனியைக் கேளுங்கள்’ என்று கைகழுவ முடியாது. ஆனால் பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியமைத்திருந்தாலோ விற்றவர் மீது இந்த வழக்கு நிற்காது. கட்டுபவரின் கை எல்லாப் பாகத்திலும் படுகிற பொருளில் இந்த வாதம் நிச்சயம் எழும். மேனுவலைக் கிழிக்காமல் வையுங்கள், ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுங்கள். பேட்டரி வயரை வெட்டி வேறு கனெக்டர் போட்டால், உங்கள் வாதம் பலவீனமாகலாம்.

புகாரை முதலில் எழுத்தில் விற்பனையாளருக்கு அனுப்புங்கள். எரிந்த பாகத்தைத் தூக்கியெறியாதீர்கள், அதுவே சாட்சி. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட்டுவிட வேண்டும்.