விளிம்புப் புலனுணர்வு

விளிம்புப் புலனுணர்வு என்பது, ஒரு பொருள் எங்கே முடிகின்றது, அதன் பின்னணி எங்கே தொடங்குகின்றது என்பதைப் பார்வையால் அறியும் திறன் ஆகும். விழித்திரையில் விழும் படிமத்தில் ஒளியும் நிறமும் மாறும் இடங்கள் ஏராளம். அவை எல்லாம் பொருள்களின் விளிம்புகள் அல்ல. வெள்ளைச் சுவரில் விழும் தென்னங்கீற்றின் நிழலுக்குக் கூர்மையான எல்லை உண்டு. ஆனால் அங்கே பொருள் எதுவும் இல்லை. மாறாக, மரத்தில் அசையாமல் ஒட்டியிருக்கும் ஓணானுக்கு விளிம்பு இருந்தும் அது கண்ணில் படுவதில்லை. ஜான் கேனி 1986 இல் வெளியிட்ட கணினி வழி விளிம்பு காணும் முறையும் ஒளி மாற்றத்தையே தேடுவதால், நிழலையும் கோடாக வரைந்து தந்துவிடும். இக்குழப்பத்தைத் தீர்க்க ஆழமும் இயக்கமும் உதவுகின்றன.

ஆழம்

மனிதரின் இரு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதால், இரு விழித்திரைப் படிமங்களும் சற்று வேறுபடுகின்றன. இவ்வேறுபாட்டிலிருந்தே ஆழம் உணரப்படுகின்றது என்பதைச் சார்லசு வீட்சுட்டன் 1838 இல் காட்டினார். பெலா யூலெசு 1960 இல் வெளியிட்ட புள்ளிப் படச் சோதனை இதனினும் வியப்பானது. ஒவ்வொரு படத்தையும் தனியே பார்த்தால் ஒழுங்கற்ற புள்ளிகள் மட்டுமே தெரியும். இரண்டையும் இரு கண்களால் ஒருங்கே பார்த்தால், நடுவே ஒரு சதுரம் தெளிவான விளிம்புடன் மிதக்கும். அவ்விளிம்பு இரண்டு படங்களில் எதிலும் இல்லை!

இயக்கம்

இரணியலிலிருந்து நாகர்கோவிலுக்குத் தொடர்வண்டியில் செல்பவர், அருகிலுள்ள தென்னைகள் பின்னோக்கி விரைவதையும் தொலைவிலுள்ள மலை ஏறக்குறைய அசையாமல் நிற்பதையும் காணலாம். இது இடமாறு தோற்றம் எனப்படும். தென்னை மலையின் ஒரு பகுதியை மறைத்துக்கொண்டே மறுபுறம் வேறொரு பகுதியை வெளிப்படுத்துகின்றது. இவ்வாறு மறைக்கும் பரப்புக்கே விளிம்பு உரியது. மலை அதன் பின்னால் தொடர்கின்றது. ஒரு கண்ணை மூடிக்கொண்டாலும் இதனை உணரலாம். ஓணான் நகர்ந்தவுடன் தெரிவதற்குக் காரணம், அதன் உடற்புள்ளிகள் யாவும் ஒன்றாக இடம்பெயர்வதே.

புதிதாகப் பார்வை பெற்றோர்

இவ்விரண்டில் இயக்கத்தின் பங்கை இந்தியாவில் நடைபெற்ற ஓர் ஆய்வு தெளிவாக்கியது. மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பவன் சின்காவின் 'பிரகாஷ்' திட்டம், சிகிச்சையால் தீரக்கூடிய பிறவிப் பார்வையின்மை உடையோருக்குப் பார்வை அளித்து, அவர்கள் பார்க்கக் கற்பதையும் ஆராய்கின்றது. 2009 இல் வெளியான இவ்வாய்வில் மூவர் பங்கேற்றனர். அவர்களுள் ஒருவர் விழிவில்லை இன்றிப் பிறந்து, 29 வயதில்தான் மூக்குக் கண்ணாடி பெற்றவர்.

ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்த வட்டத்தையும் சதுரத்தையும் காட்டியபோது, அவர்கள் இரண்டு உருவங்களைக் காணவில்லை. கோடுகள் அடைத்த ஒவ்வொரு துண்டையும் தனிப் பொருளாகக் கருதினர். ஒளிப்படங்களிலும் நிறம் மாறிய இடமெல்லாம் அவர்களுக்குப் புதிய பொருளாகவே தோன்றியது. உருவங்களை அசைத்துக் காட்டியவுடன் நிலைமை மாறியது. ஒன்றாக அசைந்தவற்றை ஒரே பொருளாக அவர்களால் பிரித்தறிய முடிந்தது. பல மாதங்களுக்குப் பின் சோதித்தபோது, அசையாத படங்களிலும் அவர்களது திறன் வெகுவாக மேம்பட்டிருந்தது.

குழந்தைப் பருவம் கடந்தபின் பார்வை அளித்தும் பெரும் பயன் இராது என்ற கருத்து முன்பு மருத்துவர்களிடையே வலுவாக இருந்தது. 29 வயதில் தொடங்கிய இக்கற்றல் அக்கருத்துக்கு மாறானது.