கேமில் கடல் ஏறினால் என்ன ஆகும்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதலில் இன்ஸ்டால் ஆவது பெரும்பாலும் ஒரு கேம்தான். கார் ஓட்டுவது, சுடுவது எல்லாம் ஒரு வகை. காலி நிலத்தில் ஒரு குடியிருப்பைத் தொடங்கி, வயல், ரோடு, தொழிற்சாலை என்று கட்டி நகரமாக வளர்க்கும் ஸ்ட்ரேட்டஜி கேம்ஸ் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகை கேம்கள் சிலவற்றில் தட்பவெப்ப மாற்றமும் உண்டு. தொழிற்சாலைகளை இஷ்டத்திற்குக் கட்டினால் பூமி சூடாகும், கடலோர நிலம் வீணாகும். அந்தக் கணக்கு உள்ளே எப்படி நடக்கிறது? ஒரு எண்ணை மாற்றினால் ஆட்டம் எப்படி மாறும்? பார்க்கலாம்.

இலவச கேம் ஒன்று

உதாரணத்திற்கு ஃப்ரீசிவ் என்ற கேமை எடுத்துக்கொள்வோம். டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக மாணவர்கள் மூவர் 1995இல் எழுதத் தொடங்கியது இது. முதல் பதிப்பு 1996இல் வந்தது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். விலை கிடையாது. பெரிய கிராபிக்ஸ் கார்டும் தேவையில்லை. இதன் புரோகிராம் முழுவதும் ஓப்பன் சோர்ஸ் என்பதால், கணக்கை நாமே திறந்து பார்க்கலாம்.

இது டர்ன் முறையில் ஆடும் கேம். நீங்கள் உங்கள் வேலைகளை முடித்து, மற்றவர்களும் முடித்ததும் ஒரு டர்ன் முடியும். மேப் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். உற்பத்தி அதிகமாக உள்ள நகரங்களைச் சுற்றியுள்ள கட்டங்களில் மாசு தோன்றும். வேலையாட்களை அனுப்பி அதைச் சுத்தம் செய்யலாம்.

கணக்கு இதுதான். 4,000 கட்டங்கள் உள்ள மேப் என்றால் தொடக்க வரம்பு 8. உலகம் முழுவதும் சேர்த்து மாசுக் கட்டங்கள் 7 வரை இருந்தால் ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு டர்னிலும் கணக்கு மீண்டும் பூஜ்யத்திற்கு வந்துவிடும். 10 கட்டங்கள் இருந்தால், வரம்பைத் தாண்டிய 2 சேமிப்பில் சேரும். அடுத்த டர்னில் 4, அதற்கடுத்து 6. சேமிப்பு 2 ஆக இருக்கும்போது பூமி சூடாகும் வாய்ப்பு அந்த டர்னில் 1 சதவீதம். 4 ஆனால் 2 சதவீதம். இப்படி ஏறிக்கொண்டே போகும். ஒருநாள் செய்தி வரும்: கடலோரக் கட்டங்கள் சதுப்பாகும், உள்நாட்டு வயல்கள் பாலைவனமாகும்.

பேலன்ஸ் என்றால் என்ன?

கேம் எழுதுகிறவர்கள் இந்த எண்களைச் சரிப்படுத்துவதை பேலன்ஸ் என்கிறார்கள். தண்டனை லேசாக இருந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். கடுமையாக இருந்தால் யாரும் தொழிற்சாலையே கட்ட மாட்டார்கள். இரண்டிலும் ஆட்டம் சப்பென்று ஆகிவிடும்.

ஃப்ரீசிவ் இதில் ஒரு சலுகை தருகிறது. ஒருமுறை பூமி சூடானதும் சேமிப்பு பூஜ்யமாகும், வரம்பும் உயரும். நம் 4,000 கட்ட மேப்பில் 8 என்பது 12 ஆகிவிடும். அதாவது அடி விழுந்த பிறகு இயற்கை இன்னும் பொறுமையாகிறது! நிஜத்தில் காற்றில் கலந்த கார்பன் டை ஆக்சைடில் ஒரு பகுதி நூற்றாண்டுகளுக்கு அங்கேயே நிற்கும். ஆனால் கேமில் அப்படியே வைத்தால், ஒருமுறை சறுக்கியவர் எழவே முடியாது. விளையாடுகிறவர் பாதியில் நிறுத்திவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு என்றே இதை நான் பார்க்கிறேன்.

இன்னொரு சிக்கல், மாசு யாருடையது என்பது. ஒருவர் புகை விட்டால் அடி எல்லோருக்கும் விழும். 1999இல் வந்த ஆல்பா சென்டாரி கேமில், வேறு கிரகத்தில் குடியேறியவர்களின் சபை கூடி ஓட்டுப் போட்டு, சூரிய ஒளியை மறைக்கும் திரையை ஏவிக் கடல் மட்டத்தைக் குறைக்கலாம். சிவிலைசேஷன் 6 கேமுக்கு 2019இல் வந்த கேதரிங் ஸ்டார்ம் என்ற கூடுதல் தொகுப்பில், தாழ்வான கடலோரக் கட்டங்கள் 1, 2, 3 மீட்டர் என்று முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். எந்த இடம் முதலில் மூழ்கும் என்று தெரிந்தேதான் அங்கே கட்டுகிறோம். கடல் ஏற ஏற, தடுப்புச்சுவர் கட்டும் செலவும் ஏறும்.

நம் கடற்கரை மேப்

நான் கடலூர் முதுநகரில் வளர்ந்தவன். வேலை சாப்ட்வேர் கம்பெனியில். ஓய்வு நேரத்தில், முதுநகர் துறைமுகம் முதல் சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம் வரை உள்ள கரையை ஃப்ரீசிவ் மேப்பாகத் தயார் செய்து வருகிறேன். இதில் என்னை அதிகம் யோசிக்க வைத்த எண் ஒன்றே ஒன்று: அலையாத்திக் காட்டுக்கு எவ்வளவு பாதுகாப்பு கொடுப்பது?

2004 டிசம்பர் 26 சுனாமி தட்பவெப்ப மாற்றத்தால் வந்ததல்ல. ஆனால் கடல் உள்ளே வரும்போது எது தடுக்கிறது என்ற கேள்விக்கு நம் கரையிலேயே நடந்த ஆய்வுகள் அதைப் பற்றியவைதான். பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மைய ஆய்வாளர்கள் இந்தக் கரையின் 18 குக்கிராமங்களை ஒப்பிட்டு, அலையாத்திக் காடு சேதத்தைக் குறைத்தது என்று 2005இல் எழுதினார்கள். 2006இல் வேறு ஆய்வாளர்கள் அதே புள்ளிவிவரங்களை மீண்டும் கணக்கிட்டு, ஊரின் உயரமும் கடலிலிருந்து உள்ள தூரமும்தான் பெரும்பங்கு, காட்டின் பங்கு சிறியது என்றார்கள்.

கேமில் இந்த வாதத்திற்கு நடுவே ஒரு எண்ணை எழுதியாக வேண்டும். காட்டுக்கு முழுப் பாதுகாப்பு கொடுத்தால் ஆட்டம் சுலபம். ஆனால் இதை விளையாடப் போவது எங்கள் தெருப் பிள்ளைகள். காடு இருந்தால் போதும், தாழ்வான கரையில் வீடு கட்டலாம் என்று ஒரு கேம் அவர்களுக்குச் சொல்லித்தரக் கூடாது.

அதனால் இப்படிச் செய்தேன். கடல் நீர் புகும் பேரிடரை இரண்டாகப் பிரித்தேன். ஒன்றின் எடை 9, மற்றொன்று 3. இரண்டும் கடலை ஒட்டிய நகரங்களுக்கு மட்டுமே வரும். மேட்டில் உள்ள நகரத்திற்கு இரண்டுமே வராது. பக்கத்தில் சதுப்புக் கட்டம் இருந்தால் 3 மட்டும் வராது. ஃப்ரீசிவில் அலையாத்திக் காடு என்று தனி நிலம் கிடையாது. எனவே சதுப்பு நிலத்தையே அதற்குப் பயன்படுத்துகிறேன்.

இன்னொரு மாற்றமும் தேவைப்பட்டது. சதுப்பை வேலையாட்கள் புல்வெளியாக மாற்றினால் கூடுதல் உணவு கிடைக்கும் என்பது இந்த கேமின் விதி. அப்படி விட்டால் எல்லோரும் சதுப்பை அழித்துவிடுவார்கள். ஆனால் பிச்சாவரத்துக் கால்வாய்கள் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளரும் இடம். ஆகவே என் மேப்பில் சதுப்புக்கு ஒரு உணவு கூட்டியிருக்கிறேன். அழித்த சதுப்பைத் திரும்ப உண்டாக்க நிறைய டர்ன்கள் ஆகும்படியும் வைத்திருக்கிறேன். பிச்சாவரத்தில் முன்பு மொத்தமாக மரம் வெட்டிய இடங்களில் தரை தாழ்ந்து உப்புநீர் தேங்கி நின்றது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990களில் கால்வாய் வெட்டி, கடல் நீர் வந்து போக வழி செய்த பிறகே அங்கே காடு திரும்பியது. அது ஒரு கிளிக்கில் முடிகிற வேலை அல்ல.

ஒன்றைக் கவனியுங்கள். ஆபத்து கடலிலிருந்து மட்டும் வருவதில்லை. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் காற்று பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்தது. 2015 நவம்பரில் மாவட்டத்தை மூழ்கடித்தது மழை வெள்ளம். ஆற்றை ஒட்டிய நகரங்களுக்கு வெள்ளப் பேரிடர் ஃப்ரீசிவில் ஏற்கெனவே உள்ளது. அதை நீக்காமல் விடுங்கள்.

நீங்களே மாற்றிப் பார்க்க

1. ஃப்ரீசிவ் இன்ஸ்டால் ஆன போல்டரில் டேட்டா என்ற போல்டர் இருக்கும். முதலில் அதை முழுவதுமாக வேறு இடத்தில் காப்பி செய்து வையுங்கள்.

2. டேட்டாவுக்குள் கிளாசிக் என்ற போல்டரைத் திறங்கள். டெரெய்ன் என்ற பெயருள்ள ரூல்செட் பைலில் நிலங்களின் விதிகளும், கேம் என்ற பெயருள்ள ரூல்செட் பைலில் பேரிடர்களும் இருக்கும். இவை சாதாரண டெக்ஸ்ட் பைல்களே.

3. நோட்பேடை ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கித் திறங்கள். இல்லையென்றால் சேவ் ஆகாமல் போகலாம்.

4. ஒரு நேரத்தில் ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள். கிளாசிக் ரூல்செட்டைத் தேர்வு செய்து புது ஆட்டம் தொடங்குங்கள்.

5. ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு ஆட்டமாவது ஆடுங்கள். ஒன்றில் நகரத்தைக் கரையிலும், மற்றொன்றில் மேட்டிலும் கட்டுங்கள். எத்தனையாவது டர்னில் அடி விழுந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்.

பிள்ளைகள் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, இந்த நகரத்தை ஏன் இங்கே கட்டினாய் என்று கேட்டுப் பாருங்கள். எந்த எண் சரியாக இல்லை என்பது அவர்கள் சொல்லும் பதிலிலேயே தெரிந்துவிடும்.