ட்ரெய்லர் காலுக்கு எந்த டிரில்?

தண்டையார்பேட்டையின் ரயில் சரக்கு முனையத்தைச் சுற்றியும் எண்ணூர் விரைவுச் சாலையின் ஓரங்களிலும் நிற்கும் கன்டெய்னர் ட்ரெய்லர்களைக் கவனித்தால், இழுவை வண்டிக்குச் சற்றுப் பின்னால் இரண்டு இரும்புக் கால்கள் தொங்குவது தெரியும். இழுவை வண்டி கழன்று போனபின் ட்ரெய்லரின் முன்பாரம் முழுவதையும் தாங்குபவை இவைதாம். சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது 1983-ல். அதன்பின் கிரேன்கள் மாறின, கணக்கேடுகள் கணினிக்குப் போயின. ஆனால் இந்தக் கால்களை இறக்கவும் ஏற்றவும் இன்றும் பெரும்பாலும் ஓர் ஆள் குனிந்து நின்று கைப்பிடியைச் சுற்ற வேண்டியிருக்கிறது. பேட்டரி டிரில் இப்போது எல்லாப் பட்டறைகளுக்கும் வந்துவிட்ட நிலையில், கைப்பிடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டிரில்லை மாட்டினால் என்ன என்று தோன்றுவது இயல்பு. மாட்டலாம். ஆனால் எந்த வேலைக்கு, எந்த டிரில் என்பதை இயற்பியல்தான் தீர்மானிக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் கிடைக்கும் விடை இது: டிரில் நமக்குச் சுற்றுகளை மிச்சப்படுத்தும், விசையை மிச்சப்படுத்தாது.

காலுக்குள் இருப்பது ஒரு திருகுத்தண்டும், இரண்டு வேகம் கொண்ட கியர் பெட்டியும். இரு கால்களையும் ஒரு குறுக்குத்தண்டு இணைப்பதால் ஒரு பக்கம் சுற்றினாலே இரண்டும் இறங்கும். வேகமான கியரில் ஒரு சுற்றுக்குச் சுமார் 10 மில்லிமீட்டர், மெதுவான கியரில் சுமார் 1 மில்லிமீட்டர் கால் நகர்வதாக வைத்துக்கொள்வோம். முதலில் வெறும் காலை 40 சென்டிமீட்டர் தரைக்கு இறக்கி, பிறகு திரும்ப ஏற்ற வேண்டும். இறக்கும்போது எடை உதவும், ஏற்றும்போது எதிர்க்கும். கால்களின் எடை இரண்டும் சேர்ந்து 60 கிலோ என்றால், உராய்வில் முக்கால்வாசி வீணாவதையும் சேர்த்து, ஏற்றுவதற்குத் தேவைப்படும் முறுக்கு விசை 4 நியூட்டன் மீட்டர்தான். கிரீஸ் காய்ந்து, கடற்காற்றில் துருவேறி மூன்று மடங்கானாலும் 12-ஐத் தாண்டாது. 40 சென்டிமீட்டருக்குத் தேவையான 40 சுற்றைக் கையால் சுற்ற ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும்; நிமிடத்துக்கு 200 சுற்று ஓடும் டிரில் 12 நொடியில் முடித்துவிடும். இனி பாரத்தோடு தூக்கும் வேலையைப் பாருங்கள். ஒரு கன்டெய்னரின் மொத்த எடை 30,480 கிலோவாகக்கூட இருக்கலாம். அதில் கால்களின் மேல் 10 டன் இறங்குவதாகக் கொண்டால், மெதுவான கியரில் ஒரு சுற்றுக்கு 98 ஜூல் வேலை நடக்கிறது. தானாக இறங்கிவிடாத திருகு எதுவானாலும் அதன் திறன் 50 சதவீதத்துக்குக் கீழேதான் இருக்க முடியும். கியர் இழப்பையும் சேர்த்து 25 சதவீதம் என்று வைத்தால், தண்டில் சுமார் 62 நியூட்டன் மீட்டர் வேண்டும். அதாவது 35 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியில் ஏறத்தாழ 18 கிலோ அழுத்தம். சிரமம்தான், ஆனால் ஒரு மனிதரால் முடிந்தது.

டிரில்லால் முடியுமா? இங்கேதான் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும். நல்ல நிறுவனங்கள் முறுக்கு விசைக்கு இரண்டு எண்கள் தருகின்றன. ஒன்று, இரும்போடு இரும்பு முட்டி நிற்கும் கணத்தில் எட்டும் உச்சம். மற்றொன்று, மரத்தில் திருகு இறங்கும்போது இருப்பதுபோலத் தொடர்ந்து எதிர்ப்பைச் சமாளித்துச் சுழலும்போது கிடைப்பது. பரவலாக விற்கும் மக்கீட்டா 18 வோல்ட் டிரில் ஒன்றுக்கு இந்த எண்கள் 54, 30. விளம்பரம் சொல்வது 54. ட்ரெய்லர் காலுக்குப் பொருந்துவது 30. வெறும் காலை நகர்த்த அது தாராளம், 10 டன்னைத் தூக்கத் தேவையானதில் அது பாதிகூட இல்லை. அப்படித் தூக்க முயன்றால் மோட்டார் நின்றுபோகும். நின்ற மோட்டாருக்குள் பாயும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகும். வோல்ட் எண்ணை நம்பி வாங்குவது இன்னும் மோசம். 18 வோல்ட் என்பதும் 20 வோல்ட் என்பதும் பெரும்பாலும் ஒரே ஐந்து செல் பேட்டரிதான். ஒன்று இயல்பு அழுத்தத்தையும் மற்றது முழுதாகச் சார்ஜ் ஏறிய நிலையையும் சொல்கிறது. 48, 88 என்று ஒட்டியிருக்கும் மலிவுக் கருவிகளின் எண்களுக்கும் உள்ளே இருக்கும் செல்களுக்கும் பெரும்பாலும் தொடர்பே இருப்பதில்லை.

அப்படியானால் பெரிய டிரில்லாக வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். அதே நிறுவனத்தின் உயர்ந்த ரகம் ஒன்று 130, 65 நியூட்டன் மீட்டர் தருகிறது. காகிதத்தில் 62-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் நியூட்டனின் மூன்றாம் விதியைத் தாண்ட முடியாது. டிரில் தண்டைத் திருப்பும் அதே அளவுக்குத் தண்டும் டிரில்லைத் திருப்புகிறது. அதைத் தாங்க வேண்டியது பிடித்திருப்பவரின் மணிக்கட்டு. 30 சென்டிமீட்டர் பக்கவாட்டுப் பிடி மாட்டியிருந்தாலும் 62 நியூட்டன் மீட்டருக்கு 20 கிலோவுக்கு மேல் எதிர்ப்பைக் கையால் கொடுத்தாக வேண்டும். கைப்பிடியைச் சுற்றும்போது கொடுத்த அதே உழைப்பு இது, அசையாமல் நின்று கொடுப்பது மட்டுமே வேறுபாடு. வேறொரு ஆபத்தும் கூடவே வருகிறது. கைப்பிடி இறுகினால் நாம் சுற்றுவதை நிறுத்திவிடுவோம். டிரில் நிறுத்தாது, உச்ச விசைக்குத் தாவிக் கையை முறுக்கிவிடும். திடீர்ச் சுழற்சியை உணர்ந்து தானே நிற்கும் மின்னணுப் பாதுகாப்பு உள்ள டிரில்லுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது இதனால்தான் நியாயமாகிறது.

இம்பாக்ட் கருவியை முன்வைப்பவர்களுக்கு என் வாதத்தில் ஓட்டை இருப்பது தெரியும், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். டயர் கடைகளில் நட்டு கழற்றும் அந்தக் கருவி, உள்ளே ஒரு சுத்தியலைச் சுழலவிட்டுச் சிறு சிறு அடிகளாக விசையைக் கொடுக்கிறது. அடிக்குத் தேவையான ஆற்றலை அடிகளுக்கு இடையே சேமித்துக்கொள்வதால் கைக்கு வரும் எதிர்ப்பு மிகக் குறைவு. இது உண்மையிலேயே விசையையும் மிச்சப்படுத்துகிறது. ஆனால் அந்த அடி போய்ச் சேரும் இடம் எது? ஒரு நட்டு சில நொடி அடி வாங்கினால் போதும். மெதுவான கியரில் 5 சென்டிமீட்டர் தூக்க 50 சுற்று வேண்டும். அவ்வளவு நேரமும் கியர் பற்களும், தண்டைப் பிணைக்கும் ஊசியும், திருகின் மரையும் அடி வாங்குகின்றன. மனிதக் கையின் சீரான சுழற்சிக்காக வடிவமைத்த பாகங்களுக்கு இது களைப்பு விரிசலை வரவழைக்கும் வழி. மேலே 10 டன் நிற்கும் காலில் விரிசல் வருவதை எந்த நேரச் சேமிப்பும் ஈடுசெய்யாது.

காலை டிரில்லால் இயக்கும் பழக்கம் செழித்திருப்பது அமெரிக்காவின் விடுமுறை கேரவன் ட்ரெய்லர்களில். அந்த வெற்றியைக் காட்டி எதிர்வாதம் செய்வதும் பொருந்தாது. அவற்றின் நான்கு மூலைகளில் இருப்பவை கார் ஜாக்கி போன்ற கத்தரி வடிவக் கால்கள். வண்டியின் எடையைச் சக்கரங்களும் முன்முனைத் தாங்கியும் சுமக்கின்றன. மூலைக் கால்கள் ஆட்டத்தை நிறுத்த மட்டுமே. தரையில் பட்டு லேசாக இறுகியதும் டிரில்லை விட்டுவிடுவார்கள். அவற்றால் வண்டியைத் தூக்கக் கூடாது என்பதே அங்கும் விதி. இதை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் கிடைக்கும் நடைமுறை எளிது. வேகமான கியரில் வெறும் காலை இறக்கவும் ஏற்றவும் டிரில். தரை தொட்டபின் மெதுவான கியரில் கைப்பிடி. தரை உறுதியாக இருந்து, கால் நன்றாக அழுந்திய பிறகு இழுவை வண்டியை நகர்த்தினால், பாரம் தானாகக் கால்களுக்கு மாறும். பெரிதாகத் தூக்க வேண்டிய தேவையே வராது. மணல் கலந்த, மழையில் இளகும் யார்டுகளில் காலுக்கு அடியில் கனமான பலகையோ இரும்புத் தகடோ போடுவது பெரிய டிரில் வாங்குவதைவிட அதிகப் பயன் தரும்.

பேட்டரி அளவைப் பற்றிக் கவலைப்பட அதிகமில்லை. 18 வோல்ட், 5 ஆம்பியர் மணி பேட்டரியில் 324 கிலோஜூல் இருக்கிறது; வெறும் காலை ஒருமுறை ஏற்ற 1 கிலோஜூல் அளவே செலவு. கவலை வெப்பத்தைப் பற்றியது. லித்தியம் அயனி பேட்டரியைப் பொதுவாக 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. சென்னையின் வெயில் 2003 மே 31 அன்று 45 டிகிரியைத் தொட்டது; கண்ணாடி மூடிய லாரி கேபினுக்குள் சாதாரண மே மாத நாளிலேயே அதைத் தாண்டும். டாஷ்போர்டின் மேல் சார்ஜர் வைப்பதைத் தவிர்க்க வேண்டும். கார்பன் பிரஷ் இல்லாத மோட்டாரைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே தேய்வு குறையும், தீப்பொறியும் குறையும். ஆனால் சுவிட்சும் பேட்டரி முனைகளும் இருக்கும்வரை பொறி முற்றிலும் இல்லாத கருவி என்று அதைச் சொல்ல முடியாது. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை எண்ணெய்க் கிடங்குகளுக்கு வரும் டேங்கர் ட்ரெய்லர்களுக்கும் இதே கால்கள் உண்டு. பெட்ரோல் ஆவி தேங்கக்கூடிய இடத்தில், அதற்கென்றே சான்று பெறாத எந்த டிரில்லையும் வெளியே எடுக்கக் கூடாது. அங்கே முழு நீளமும் கையால்தான் சுற்ற வேண்டும்.