பழைய லாரியும் பவர் ஸ்டியரிங்கும்

தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயிலும் மாணாக்கன் யந்திரத்தைப் பற்றி எழுதப் புகுவது கொல்லத் தெருவில் ஊசி விற்பது போலாகும் என்று பௌதிக சாஸ்திர நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைப்பினும் அமைக. ஒரு பொருளை அதன் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எதன்பொருட்டு நின்றதெனக் காட்டுதல் இலக்கணம் பயில்வோர்க்குப் பழகிய வேலையே. அம்முறையில், கைவலிமையால் மாத்திரம் திருப்பப்படும் பழைய லாரியின் ஸ்டியரிங்கை வீட்டிலேயே பவர் ஸ்டியரிங்காக மாற்றும் வகையை ஈண்டு விளக்க முயல்கின்றேன்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பழைய பிக்கப் லாரிகளைப் பொன்னே போற் போற்றி ஓட்டுவோர் அநேகர் உளர். அவ்வண்டிகளுள் 1967 முதல் 1972 வரை வெளிவந்த செவர்லே ஸி-10 பெரிதும் விரும்பப்படுவது. அந்நாளில் பவர் ஸ்டியரிங், வேண்டுவோர் தனி விலை கொடுத்துப் பெறும் உறுப்பாகவே இருந்தது. ஆகையால் பல வண்டிகள் அஃதின்றியே விற்கப்பட்டன. வண்டி ஓடும்போது அக்குறை அவ்வளவாகத் தோன்றாது. நிறுத்துமிடத்தில் ஒதுக்கும்போதோ, வார்ப்பிரும்பு எஞ்சினின் பாரம் முன் சக்கரங்களை அழுத்தி நிற்க, அவற்றைத் தரையோடு தேய்த்துத் திருப்ப இரு தோள்களும் போராட வேண்டும். இளைஞனுக்கு அது தேகப்பயிற்சி. தோள் தளர்ந்த முதியவர்க்கோ, தந்தை விட்டுச்சென்ற வண்டியை இனி வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா என்னும் வினா. அவ்வினாவிற்கு விடையாக வருவதே இம்மாற்றம்.

இவ்வுபாயத்தை நடைமுறைக்குக் கொணர்ந்தவருள் முதன்மையானவர் பிரான்ஸிஸ் டேவிஸ் என்னும் அமெரிக்க எஞ்சினீயர். பியர்ஸ்-ஆரோ கம்பெனியின் லாரிப் பகுதியில் வேலை பார்த்தவராதலின், கனத்த வண்டியைத் திருப்புவோர் படும் பாட்டை அவர் நன்கு அறிந்திருந்தார். மாஸசூஸெட்ஸ் மாகாணத்து வால்தம் நகரில் தனிப் பட்டறை அமைத்து உழைத்தார். 1926-ஆம் ஆண்டில் தாம் இயற்றிய கருவியை ஒரு காரிற் பொருத்தி ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார்க்கு ஓட்டிக் காட்டினார். அவர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கை பொருளாதார மந்த காலத்தில், 1934-இல், முடிவுற்றது. இரண்டாம் உலகப் போரிற் கவச வண்டிகளுக்கு அவர் கருவி பயன்பட்டது. பொதுமக்கள் வாங்கும் கார்களுள், 1951-இல் வெளிவந்த கிரைஸ்லர் இம்பீரியலே பவர் ஸ்டியரிங்கை முதலிற் பெற்றது. செய்து காட்டிய கருவி கடைக்கு வர 25 ஆண்டுகள் சென்றன.

இனி, அது வேலை செய்யும் விதத்தைக் காண்போம். எஞ்சினோடு பெல்ட்டினாற் பிணைக்கப்பட்ட பம்பு ஒன்று எண்ணெயை அழுத்தி அனுப்புகின்றது. ஸ்டியரிங் தண்டின் அடியில் கியர்ப் பெட்டி உளது. அதன் நுழைவாயிலில் மெல்லிய முறுக்குக் கம்பி ஒன்று அமைந்துளது. சாரதி கைச்சக்கரத்தைத் திருப்ப, தரையின் தடையால் அக்கம்பி சிறிதே முறுகுகின்றது. அம்முறுக்கின் அளவிற்கேற்ப ஒரு வால்வு திறந்து, பெட்டியினுள்ளிருக்கும் பிஸ்டனின் ஒரு பக்கத்தில் எண்ணெயைச் செலுத்த, பிஸ்டன் நகர்ந்து சக்கரங்களைத் திருப்ப உதவுகின்றது. கை நின்றால் முறுக்கு நீங்கும், வால்வு நடுநிலைக்கு மீளும், உதவியும் நிற்கும். பெல்ட் அறுந்து பம்பு நின்றாலும், கைச்சக்கரத்திற்கும் முன் சக்கரத்திற்கும் இடையேயுள்ள இரும்புத் தொடர்பு அறுவதில்லை; பாரம் மாத்திரமே மிகும். இலக்கணத்தார் கூறும் துணைவினை போன்றது இவ்வெண்ணெய். முதல்வினை இருந்தாலன்றோ துணைவினைக்கு வேலை? ஆகவே அவ்விரும்புத் தொடர்பை எவ்விடத்தும் பழுதுறாமற் காத்தலே இவ்வேலையின் உயிர்நிலை என்று அறிக.

முதலாவது, பழைய மூட்டுக்களை ஆராய வேண்டும். டை ராட் முனைகளிலும் பால் ஜாயின்ட்டுகளிலும் ஆட்டம் இருப்பின் அவற்றை முன்னரே மாற்றுக. பவர் ஸ்டியரிங் தேய்ந்த மூட்டைக் குணப்படுத்தாது. அதன் தேய்வைக் கை உணராதபடி மறைத்துவிடும். நோயை நீக்காமல் வலியை மாத்திரம் நீக்கும் மருந்து ஆபத்தானதன்றோ? பெட்டி பொருந்தும் சட்டத்தில் விரிசல் உண்டோ எனவும் துடைத்துப் பார்த்தல் வேண்டும்.

அடுத்தது உறுப்புக்களைச் சேகரித்தல். பவர் கியர்ப் பெட்டி, அதற்குரிய பிட்மன் கை, பம்பு, அதனை எஞ்சினோடு பிணிக்கும் தாங்கி, பெல்ட்டிற்குக் கூடுதல் பள்ளமுள்ள கப்பி, இரண்டு எண்ணெய்க் குழாய்கள், தண்டையும் பெட்டியையும் சேர்க்கும் நெகிழ்வான இணைப்பு ஆகிய இவையெல்லாம் வேண்டும். அவ்வண்டிக்கும் அவ்வெஞ்சினுக்கும் உரியனவாகவே இவற்றை வாங்குதல் நன்று. குழாய் முனைகளிற் பழைய வகையும், ரப்பர் வளையம் வைத்த பின்னாளைய வகையும் உள்ளன. இரண்டையும் கலந்தால் எண்ணெய் ஒழுகும்.

வேலை தொடங்குங்கால் வண்டியின் முன்புறத்தை உயர்த்தி, ஜாக்கியை மாத்திரம் நம்பாமல், உறுதியான தாங்கு கால்களின்மேல் நிறுத்துக. பிட்மன் கையைக் கழற்ற அதற்கென்றுள்ள புல்லர் கருவியையே கொள்க; சம்மட்டியால் அடித்தல் தகாது. பழைய பெட்டியை நீக்கியபின், புதிய பெட்டியின் நடுநிலையைக் காண்க. அதன் தண்டு ஒரு கோடியினின்று மறு கோடி வரை எத்தனை சுற்றுச் சுற்றுகின்றதென எண்ணி, அதிற் பாதியளவு திருப்பி நிறுத்துக. முன் சக்கரங்களும் கைச்சக்கரமும் நேராக நிற்கும்போதே இணைக்க வேண்டும். இதனைப் புறக்கணித்தால், வண்டி ஒரு பக்கம் நன்றாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும்.

பவர் பெட்டி பல வண்டிகளிற் பழைய பெட்டியினும் நீண்டதாதலின், ஸ்டியரிங் தண்டைக் குறுக்க நேரும். செலவைச் சுருக்க எண்ணி, அறுத்த தண்டை வீட்டிலேயே வெல்டிங் செய்து ஒட்டுவார் உளர். அது தகாது, அவ்வொட்டு விட்டால் கைச்சக்கரம் வெறுஞ்சக்கரமே. அளவிற்கேற்பச் செய்த தண்டும், பற்கள் செவ்வனே பொருந்தும் இணைப்பும் விலைக்குக் கிடைக்கின்றன. ஆணிகளையும் மரைகளையும் வண்டி செய்தோர் நூலிற் குறித்த அளவிற்கே, அளவு காட்டும் ஸ்பானரால் முடுக்குக.

குழாய்களிலும் கவனம் வேண்டும். பம்பிலிருந்து பெட்டிக்குச் செல்லும் குழாயில் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 1,000 பவுண்டிற்கும் மேற்படும். சாதாரண ரப்பர்க் குழாய் அதனைத் தாங்காது. சூடேறிய புகைக் குழாயின்மேல் எண்ணெய் தெறித்தால் தீப்பற்றும். ஆகவே இரண்டிற்கும் இடையே போதிய இடைவெளி விடுக. கப்பிகள் ஒரே நேர்கோட்டில் நில்லாவிடிற் பெல்ட் கழன்றுவிடும்.

இறுதியிற் காற்றைப் போக்குதல். எண்ணெயை நிரப்பி, எஞ்சினை ஓட்டாமலே, கைச்சக்கரத்தை இருபுறமும் ஏறக்குறைய 20 முறை மெல்லத் திருப்பி, குறையுந்தோறும் எண்ணெய் வார்க்க. பின்னர் எஞ்சினை மெதுவாக ஓட்டி அவ்வாறே செய்க. எண்ணெய் நுரைத்தாலும், பம்பு உறுமினாலும், காற்று இன்னும் உள்ளது என்பது பொருள். கோடியளவு திருப்பிய நிலையில் நெடுநேரம் பிடித்தல் பம்பிற்குக் கேடாம்.

பழைய பெட்டியிற் கைச்சக்கரம் ஏறக்குறைய 24 பாகை திரும்பினால் பிட்மன் கை 1 பாகை திரும்பும். பவர் பெட்டியில் ஏறக்குறைய 16 பாகையே போதும். ஆதலின் வண்டி முன்னினும் விரைவாகத் திரும்பும். முதலோட்டத்தை ஆளில்லாத வெளியிற் செய்து, கையைப் பழக்கிக்கொள்ளுதல் நலம். பின்பு சக்கரங்களின் நேர்மையைத் தக்க பட்டறையில் அளந்து திருத்திக்கொள்க.

வீட்டில் செய்யும் வேலையை மேற்பார்க்க மேஸ்திரி இல்லை. சாலையோரம் குழந்தையைக் கைப்பிடித்துச் செல்லும் தாய், நம் வண்டியில் ஓர் ஆணி தளர்ந்திருப்பதை அறியாள். நாம் செய்தது சரியாயிருக்கும் என்று நம்பியே நடக்கின்றாள். ஆகையால், நண்பர்களே, இத்தொழிலிற் கை வைப்போர் எல்லா ஆணிகளையும் முடுக்கி முடித்தபின், மறுநாட்காலையில் முதலிலிருந்து மீண்டும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பாராக.